நானூற்றுப் பன்னிரண்டு சுற்று

சவரிமுத்துவின் கட்டுமரம் கரை திரும்பாமல் போன ஒன்பதாம் நாள், சாந்தோம் குப்பத்தில் அவன் மனைவி லூர்துமேரியின் உடம்பில் இரும்பு ஒட்டத் தொடங்கியது. அது 1930ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், புயல் ஓய்ந்து வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் வந்தது ஒரு தூண்டில் முள். வலை காயப்போடும் இடத்தில் மணலுக்குள் கிடந்தது, தானாக எழும்பி அவள் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் பக்கத்துக் குடிசை பச்சையம்மாவின் ஊசி வந்தது. அதற்கு அடுத்த நாள் மீன் அரியும் கத்தி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது அவள் முதுகில் பதினோரு ஆணிகளும் ஒரு பூட்டுச் சாவியும் இருந்தன. சாவிக்குரியவர் கோயில் வாசலில் அதை எடுத்துக்கொண்டு போனார்.

குப்பத்தில் இதைப் பற்றி நாலைந்து நாள் பேசினார்கள். புருசனைக் கூப்பிடுகிறாள், அதுதான் இப்படி இழுக்கிறது என்று சிலர் சொன்னார்கள். கட்டுமரத்தில் ஓர் ஆணிகூடக் கிடையாது, கட்டை கட்டையாக வைத்துக் கயிற்றால் கட்டியது, அதை எந்தக் காந்தம் இழுக்கும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. பங்குச் சாமியார் அவளைப் பார்த்துவிட்டு, இது பாவமும் இல்லை, கடவுள் செய்த புதுமையும் இல்லை, வழக்கம்போல் கோயிலுக்கு வரலாம், ஆனால் ஆணி அடித்த பழைய பெஞ்சுகளில் உட்கார வேண்டாம் என்று சொன்னார். பிறகு அவளால் ஊருக்கு உபயோகம்தான் ஏற்பட்டது. ஊசி தொலைத்தவர்களும் தூண்டில் முள் தொலைத்தவர்களும் அவளை மணலில் ஒரு நடை நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். அவளும் நடந்துவிட்டு வந்தாள்.

லூர்துமேரிக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. அவள் அழவில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். அழாமல் இருக்க அவள் ஒன்றும் பாடுபடவில்லை. இரும்பு ஒட்டத் தொடங்கிய நாளிலேயே உடம்பு மரத்துப் போயிருந்தது. கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்தாள். உள்ளங்கை கொப்பளித்தது, அது அவளுக்குத் தெரியவில்லை. பச்சையம்மா வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் குண்டூசியால் அவள் முழங்கையில் குத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். டாக்டர் கையை எடுத்த பிறகும் குண்டூசி அங்கேயே நின்றது. அவர் அதைச் சீட்டில் எழுதி, ஒரு பாட்டில் டானிக் கொடுத்து அனுப்பினார். சவரிமுத்துவின் பெயரை யாராவது சொன்னால், அவளுக்கு அது தெருவின் பெயர்போலக் கேட்டது. அந்தத் தெருவுக்கு எப்போதோ போயிருக்கிறோம் என்பதுபோல இருந்தது.

மீன் விற்பதை அவள் விடவில்லை. விடிந்ததும் கூடையோடு கிளம்பி, மயிலாப்பூர் கச்சேரி ரோடுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் விற்றுவிட்டு உச்சிப்பொழுதுக்குள் திரும்புவாள். மளிகைக் கடை வாசலில் மட்டும் நிற்கமாட்டாள். அவள் நின்றால் தராசு அவள் பக்கம் சாய்ந்தது. அந்தச் சந்து ஒன்றில் ஹாஜிரா பீயின் வீடு இருந்தது. ஹாஜிரா பீ மீன் வாங்குவாள், ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகள் சகினா பதினாறு வயதில், முந்தைய ஆண்டு, விஷ ஜுரத்தில் போய்விட்டாள். கேள்விகள் எப்படி வரும், எப்படிப் போகும் என்று ஹாஜிரா பீக்குத் தெரியும். இரண்டு பேரும் வாசற்படியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி மீனைக் கழுவ ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். ஒட்டியிருக்கும் ஆணிகளை ஹாஜிரா பீ ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு தகரடப்பாவில் போட்டு வைப்பாள்.

ஹாஜிரா பீயின் கணவர் கலீமுல்லா, பெட்ரோமாக்ஸ் விளக்கு, தையல் மிஷின், கிராமபோன் எல்லாம் பழுது பார்ப்பவர். வீட்டின் பின்கட்டில் அவருடைய பட்டறை இருந்தது. அங்கே ஒரு பலகையின் மேல், ஒரு முழ நீளத்தில், அவர் செய்த நீராவி எஞ்சின் இருந்தது. பித்தளைக் கொதிகலம், கீழே ஸ்பிரிட் விளக்கு, ஒற்றைச் சிலிண்டர், வார்ப்பிரும்புச் சக்கரம். சக்கரத்திலிருந்து ஒரு தோல்வார் போய் டைனமோவைச் சுற்றும். டைனமோ ஒரு சின்ன பல்பை எரிக்கும். தூக்கிப் போட்ட பழைய டெலிபோன் பெட்டியிலிருந்து லாட வடிவக் காந்தத்தை எடுத்து அந்த டைனமோவைச் செய்திருந்தார்கள். செய்திருந்தார்கள் என்று சொல்லக் காரணம், காந்தத்துக்கு நடுவே சுழலும் இரும்பில் செம்புக்கம்பி சுற்றியது சகினா. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சுற்று. உருதுவில் சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றினாள். முந்நூறைத் தாண்டியபோது தும்மல் வந்து எண்ணிக்கை மறந்துபோனது. குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். அடுப்படியில் இருந்த ஹாஜிரா பீ அன்று எண்களை இரண்டு தடவை கேட்டாள்.

மகள் போன பிறகு கலீமுல்லா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து வந்து எஞ்சினை ஓட்டினார். பல்பு வெள்ளையாக எரியும். ஸ்பிரிட் தீரும் வரைக்கும் கணவனும் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவர் துடைத்து மூடிவைப்பார். இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. 1931 மழைக்காலம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை பல்பு வெள்ளையாக எரியவில்லை, மஞ்சளாக எரிந்தது. அடுத்த வாரம் ஆரஞ்சு. மார்கழியில் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு இழை மட்டும் தெரிந்தது, அதுவும் கையால் மறைத்துப் பார்த்தால்தான்.

கலீமுல்லா பதறவில்லை. மற்றவர் வீட்டுத் தையல் மிஷினைப் பார்ப்பதுபோலவே இதையும் வரிசையாகப் பார்த்தார். முதலில் பல்பை மாற்றினார். புது பல்பிலும் அதே சிவப்பு இழைதான். தோல்வார் வழுக்குகிறதோ என்று குங்கிலியப் பொடி தூவினார். வார் இறுகப் பிடித்தது, வெளிச்சம் கூடவில்லை. நீராவி போதவில்லையோ என்று சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டார். எஞ்சின் முன்னைவிட வேகமாகவே ஓடியது. மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கும் கரித்துண்டு தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று இழைத்து வைத்தார். அது உரசுகிற பித்தளை வளையத்தைக் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். ஒயர் முனைகளை எல்லாம் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தார். மூன்று வாரம் ஆனது. சிவப்பு இழை சிவப்பு இழையாகவே இருந்தது.

ஆழ்வார்பேட்டையில் குடியிருந்த ராஜகோபாலன், ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். கிராமபோனை வாங்கிப் போக வந்தவர் எஞ்சினைப் பார்த்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மிச்சம் இருப்பது அந்தச் செம்புக்கம்பிச் சுருள், காயில், ஒன்றுதான் என்றார்.

"மழைக்காலத்துல ஈரம் எறங்கியிருக்கும் பாய். உள்ளே சுத்துக்குச் சுத்து ஒட்டிண்டு, கரண்ட் குறுக்கே போயிண்டிருக்கும். பிரிச்சுட்டு வேற கம்பி சுத்திடுங்கோ. அரை நாள் வேலை."

கலீமுல்லா அதைப் பிரிக்க முடியாது என்றார். ஏன் என்று வாத்தியார் கேட்டார். பிரிக்க முடியாது என்று மறுபடியும் சொன்னார். வாத்தியார் விவரம் தெரியாமலே கிராமபோனை எடுத்துக்கொண்டு போனார்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லூர்துமேரி தாமதமாக வந்தாள். ஹாஜிரா பீ பின்கட்டில் இருந்ததால் நேராக அங்கே போனாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே கால் வைத்ததும் தரையில் கிடந்த, அரத்தால் ராவிய இரும்புத்தூள் முழுவதும் புல் முளைத்ததுபோல் நிமிர்ந்து நின்றது. சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் அவள் பக்கம் திரும்பின. வார்ப்பிரும்புச் சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டு, அச்சில் உரசி, நின்றுவிட்டது. பல்பில் இருந்த சிவப்பும் போனது. கலீமுல்லா மூன்று வாரமாகத் தேடிய பழுது வாசலில் கூடையோடு நிற்பதாக நினைத்தார்.

"இன்னுமே இந்த ஊட்டுப் பக்கம் வராதம்மா. நீ வந்து போய்க்கினு இருக்கறதாலதான் என் மிசின் செத்துப்போச்சு."

"சரி பாய்" என்றாள் லூர்துமேரி. விற்காத மீனோடு கூடையைச் சுமந்துகொண்டு போனாள். அவளுக்கு வருத்தமாக இல்லை. சந்து முனையில் திரும்பும்போது, வருத்தப்பட வேண்டிய இடம் இது என்பது மட்டும் அவளுக்குத் தோன்றியது. கடன் வாங்கிய செருப்புபோல அந்த நினைப்பு கொஞ்ச தூரம் காலோடு வந்து கழன்றுகொண்டது.

ஹாஜிரா பீ எட்டு நாள் கணவனோடு பேசவில்லை. ரம்ஜான் மாதம் ஆதலால் வீட்டில் பகலெல்லாம் அடுப்பும் இல்லை, பேச்சும் இல்லை. லூர்துமேரி வராமல் இருந்தும் பல்பு அப்படியே இருந்தது. எட்டாம் நாள் கலீமுல்லா தோல்வாரைக் கழற்றிவிட்டு, டைனமோவின் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். நல்ல டைனமோ அப்படிச் சுலபமாகத் திரும்பாது. ஒயர் முனைகளைச் சேர்த்துவிட்டுத் திருப்பினால் விரலோடு மல்லுக்கு நிற்கும். இது ஒரு மல்லும் இல்லாமல், பம்பரம்போல வழுவழுவென்று சுற்றியது. கம்பியில் கோளாறு என்றால் இன்னும் கனமாக அல்லவா இருக்க வேண்டும் என்று யோசித்தார். காந்தத்தைக் கழற்றிக் குண்டூசிப் பெட்டியில் வைத்துத் தூக்கினார். முன்பு ஒரு கொத்தையே தூக்கும். இப்போது ஒரே ஒரு ஊசி வந்தது, அதுவும் பாதி வழியில் விழுந்தது. காந்தத்தின் ஒரு பக்கம் நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மழைக்காலத்தில் தோல்வார் அறுந்தபோது அறுந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, வார் எட்டுவதற்காக டைனமோவை நாலு விரற்கடை தள்ளி, கொதிகலத்தோடு ஒட்டி வைத்தது அவர்தான். வெள்ளிக்கு வெள்ளி காந்தம் சூட்டில் வெந்து, உள்ளே இருந்ததை விட்டுவிட்டது.

அவர் எழுந்து போய் ஹாஜிரா பீயிடம், அந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை, கெடுத்தது நான் என்றார். பிறகு ராஜகோபாலனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார், சகினா எண்ணியது உட்பட.  வாத்தியார் காயிலைப் பற்றி மறுபடி பேசவில்லை. பள்ளிக்கூடத்துப் பாட்டரிகளை வரிசையாக இணைத்து, காந்தத்தின் மேல் கம்பி சுற்றி, தன்னால் ஆனமட்டும் முறுக்கேற்றித் தந்தார். அது இரண்டு குண்டூசி தூக்கியது. சூடுபட்ட எஃகு, இதற்குமேல் பிடிக்காது என்று சொன்னார். வேறு காந்தம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தாலும் இதே அளவில் கிடைக்காது. அளவு மாறினால் உள்ளே சுழல்வதையும் மாற்ற வேண்டும்.

அந்த ஆண்டு ரம்ஜான் பெருநாளும், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனும் ஒன்றையடுத்து ஒன்று வந்தன. புதன்கிழமை காலை, கணவனும் மனைவியும் காந்தத்தை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு சாந்தோம் குப்பத்துக்கு நடந்தார்கள். ஹாஜிரா பீ புர்கா போட்டுக்கொண்டு மணலில் நடந்து பழக்கமில்லாதவள், மூன்று இடத்தில் நின்றாள். லூர்துமேரி நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கூடை பின்னிக்கொண்டிருந்தாள். பச்சையம்மா இரண்டு பேருக்கும் பாய் போட்டாள். கலீமுல்லா பாயில் உட்காராமல் நின்றுகொண்டே தான் பேசியது தப்பு என்றார். அவளோ அவர் என்ன பேசினார் என்பதையே மறந்திருந்தாள்.

ஹாஜிரா பீ துண்டைப் பிரித்தாள். "மேரி, இத்த உன்கிட்ட வெச்சுக்கினு இருக்கணும். உன் கையில கீறது கொஞ்சம் இதுல ஏறட்டும். இல்லாட்டிப் போனா அந்தக் கம்பியப் பிரிக்கணும்றாங்க. எம்பொண்ணு ஒண்ணொண்ணா எண்ணிச் சுத்தினது, அவ கை அதுலதான் கீது."

பச்சையம்மா லூர்துமேரியைத் தனியாக வெளியே அழைத்துப் போனாள். பதினைந்து மாதமாக அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் என்பதால், சொல்ல உரிமை உள்ளவளாகத்தான் சொன்னாள்.

"அத்தக் குடுத்துட்டேன்னா உனக்கு எல்லாம் வலிக்க ஆரம்பிச்சிடும். இப்ப நல்லா கீற. யோசிச்சுக்கோ."

லூர்துமேரி யோசித்தாள். தான் நன்றாக இருப்பது உண்மைதான் என்று தோன்றியது. குப்பத்தில் அவளைப்போல நிம்மதியாகத் தூங்குபவர்கள் இல்லை. இன்னொரு ஆண்டு, இன்னும் பத்து ஆண்டு இப்படியே போகலாம். சவரிமுத்துவின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். மீசை வந்தது, காது வந்தது, முகமாகச் சேரவில்லை. அவள் உள்ளே வந்து, அந்தப் பெண் எண்ணிக்கொண்டே சுற்றியது நிஜமா என்று ஹாஜிரா பீயைக் கேட்டாள். நிஜம்தான், முந்நூறுக்கு மேல் வந்து தும்மினாள் என்று ஹாஜிரா பீ சொன்னாள். "அல்லாத்தையும் பிரிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து சுத்தினா."

லூர்துமேரி கையை நீட்டினாள். காந்தம் ஹாஜிரா பீயின் மடியிலிருந்து தானாக எழும்பி வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது.

தவக்காலம் முழுவதும் அவள் அதை வயிற்றோடு சேர்த்துச் சேலையில் முடிந்துகொண்டிருந்தாள். மீன் விற்கப் போனாள், பூசைக்குப் போனாள், அதோடேயே தூங்கினாள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் வாரம், முதுகில் ஒட்டியிருந்த ஆணிகள் நடக்கும்போது ஒன்றிரண்டாக உதிர்ந்தன. மூன்றாம் வாரம் ஊசி தேடித் தரச் சொன்னவளுக்கு அவளால் தேடித் தர முடியவில்லை. நான்காம் வாரம் உச்சிவெயிலில் திரும்பி வரும்போது மணல் காலைச் சுட்டதாகத் தோன்றியது. தோன்றியதா சுட்டதா என்று நின்று யோசித்தாள், அதற்குள் கால் தானாகவே தண்ணீர்ப் பக்கம் ஓடியது. பிறகு விரலில் வெட்டுப்பட்ட இடத்தில் உப்பு எரிந்தது. கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. காந்தம் நாளுக்கு நாள் கனத்தது. புனித வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல் பதினான்கு ஸ்தலங்களில் நான்காவதிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் பக்தியில் உட்கார்ந்ததாக எண்ணித் தாங்களும் உட்கார்ந்தார்கள்.

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவள் கச்சேரி ரோடு சந்துக்கு வந்தாள். கலீமுல்லா இந்த முறை டைனமோவைக் கொதிகலத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பலகையின் கோடியில் திருகியிருந்தார், நீளமாகப் புது வாரும் போட்டிருந்தார். காந்தத்தைப் பொருத்திவிட்டு, சக்கரத்தை இரண்டு விரலால் திருப்பினார். திரும்பவில்லை. கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினார். "கனமா கீது" என்று மட்டும் சொன்னார். ஹாஜிரா பீ வந்து தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஏதோ ஒன்று அவள் விரலைத் திருப்பித் தள்ளியது. அவள் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

ஸ்பிரிட் விளக்கு ஏற்றப்பட்டது. எஞ்சின் முன்போல விர்ரென்று ஓடவில்லை; பாரம் இழுக்கும் மாடுபோல மூச்சு வாங்கி வாங்கி ஓடியது. பல்பில் சிவப்பு வந்தது, மஞ்சள் வந்தது, பிறகு வெள்ளை. சுவரில் மாட்டியிருந்த ஒவ்வொரு ஸ்பேனரும் அந்த வெளிச்சத்தில் தனித்தனியாகத் தெரிந்தது. ஹாஜிரா பீ உதட்டை அசைத்து எண்ணத் தொடங்கினாள். லூர்துமேரி இன்னும் நெருங்கிப் பார்ப்பதற்காக, சூடு பாராமல் எதையும் தொட்ட இத்தனை நாள் பழக்கத்தில், பிடிமானத்துக்குக் கொதிகலத்தின் மேல் கையை வைத்தாள்.

"சுடுது" என்றாள்.

கையை எடுத்துப் பார்த்தாள். சிவந்திருந்தது. ஹாஜிரா பீ ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கையைச் செம்புக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து லூர்துமேரி, யாரையும் பார்க்காமல், "அவரு செத்துட்டாரு" என்றாள். சாந்தோம் குப்பத்திலோ மயிலாப்பூரிலோ அதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. ஹாஜிரா பீ ஆமாம் என்றாள். கலீமுல்லா வெளியே போய் நின்றார்.

அன்று தொடங்கிய அழுகை நவம்பர் மாதம் கல்லறைத் திருநாள் வரைக்கும் நின்றபாடில்லை. அதற்காக அவள் வேலையை விடவில்லை. அழுதுகொண்டே கடற்கரையில் மீன் எடுத்தாள், அழுதுகொண்டே கூடை சுமந்தாள், வஞ்சிரம் புதுசா பழசா என்று கேட்டவர்களுக்குக் கண்ணீர் வழியப் புதுசு என்றாள். முதல் வாரம் வாடிக்கைக்காரர்கள் என்ன ஏது என்று கேட்டார்கள். பிறகு மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்பதைப்போல அதை எடுத்துக்கொண்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கிப் போனார்கள். நிறைய நாட்கள் அவள் ஹாஜிரா பீயின் வாசற்படியில் உட்கார்ந்து, சவரிமுத்து எப்படிச் சாப்பிடுவான், எதற்கெல்லாம் கோபப்படுவான் என்று சொன்னாள். முகம் மெல்ல மெல்லச் சேர்ந்து வந்தது. ஹாஜிரா பீயும் சகினாவைப் பற்றிச் சொன்னாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவள் மீனைக் கழுவினாள்.

அந்தக் காந்தம் அதற்குப் பிறகு தளரவே இல்லை. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். 1934 வாக்கில் அந்தச் சந்தில் சுவரில் மாட்டிய சாவிக்கொத்துகள் நேராகத் தொங்குவதை விட்டுவிட்டு, கலீமுல்லா வீட்டுப் பக்கம் சாய்ந்து தொங்கின. சைக்கிள்களை ஸ்டாண்டு போட்டாலும் அந்தப் பக்கமே நகர்ந்ததால், வீட்டுக்காரர்கள் வாசலில் ஒரு செங்கல் வைத்துக்கொண்டார்கள். கிணற்று இரும்பு வாளி சுவரில் இடிக்கிறது என்று ஓரிருவர் குறைப்பட்டார்கள். பித்தளைக் குடத்துக்கு மாறிக்கொண்டார்கள். ராஜகோபாலன் வருஷம் ஒருமுறை மாணவர்களை அழைத்து வந்து காட்டினார். ஏன் இப்படி என்று அவர்கள் கேட்டபோது, தனக்குத் தெரியாது என்றார்.

1936இல் வீதிகளை அளந்து படம் போட ஒரு சர்வேயர் வந்தார். முக்காலியை நட்டு, திசைகாட்டியை வைத்து, தட்டிப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். எங்கே வைத்தாலும் ஊசி பட்டறை ஜன்னலையே காட்டியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எதிரே கூடையோடு வந்துகொண்டிருந்த மீன்காரியிடம், சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்று கேட்டார். அவள் கூடையை இறக்காமலே கையைக் காட்டினாள். அப்படியானால் வடக்கு இந்தப் பக்கம் அல்லவா இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

"மத்த தெருவுக்கு அப்படித்தான் சார். இந்தத் தெருவுல வடக்கு அந்த ஊட்டுப் பக்கம் கீது" என்றாள் லூர்துமேரி.

சர்வேயர் ஜன்னலைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். பிறகு பென்சிலைக் கூராக்கி, படத்தில் அந்தச் சந்துக்கு மட்டும் தனியாக ஓர் அம்புக்குறி போட்டு, அதன் தலையில் வடக்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த தெருவை அளக்கப் போனார்.